ஆடாமல் நின்றால் கத்தும்

மகளின் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு, அது கத்தட்டும் என்று சாவிக்காரர் கட்டில் ஓரத்தில் காத்திருந்தார். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் சட்டைப் பொத்தான்களில் பாதியைத்தான் போட்டிருந்தார். மீதியைப் போட்டார். கைக்கடிகாரத்தைக் கட்டினார். குனிந்து ஷூ நாடாவை இழுத்து முடிந்தார். இந்தத் தெர்மாமீட்டருக்கு வயதாகிவிட்டது, வேறு வாங்க வேண்டும் என்று கூட நினைத்துக்கொண்டார். மகள் கண்ணைத் திறக்காமலே அவர் மணிக்கட்டைத் தொட்டாள்.

"அப்பா, அது எப்பவோ கத்திடுச்சுப்பா. எடு, கை வலிக்குது."

அவர் எடுத்துப் பார்த்தார். காய்ச்சல் நேற்றைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்தது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லத் திரும்பியபோதுதான் வாசற்படியில் ஈரத் துணியும் கையுமாக மனைவி நிற்பதைக் கண்டார். அவள் எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் முழுவதையும் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது.

"அடுப்படியில இருந்த எனக்கே கேட்டுச்சு," என்றாள்.

"ஏதோ யோசனையில இருந்துட்டேன்."

அவள் மகளின் நெற்றியில் துணியைப் போட்டாள். வாஷிங் மெஷின் முடிந்துவிட்டதாகக் கூவும்போதும் அவர் யோசனையில்தான் இருந்தார். கொசு காதோரம் பாடும்போது வீட்டில் எல்லோரும் கையை வீச, அவர் மட்டும் புத்தர் மாதிரி உட்கார்ந்திருந்ததும் யோசனைதான். இத்தனை யோசனை செய்கிற மனிதன் இந்நேரம் பெரிய விஞ்ஞானி ஆகியிருக்க வேண்டும். வாசல்வரை அவரோடு கூட வந்து, மகளுக்குக் கேட்காதபடி கதவைச் சாத்திவிட்டு, அவர் முகத்துக்கு நேராக நின்றுகொண்டு அவள் கேட்டாள். இப்போதெல்லாம் அவள் அப்படி நேராக நின்றுதான் பேசுகிறாள் என்பதை அவர் அன்றுதான் கவனித்தார்.

"நீங்களே சொல்லிடறீங்களா, இல்ல தம்பிகிட்ட நான் சொல்லவா?"

"இந்த மெடிக்கல் டெஸ்ட் முடியட்டும். அப்புறம் நானே சொல்றேன்."

"போன தடவையும் இதேதான் சொன்னீங்க." குரலை உயர்த்தாமல், உதட்டை மட்டும் நன்றாக அசைத்துப் பேசினாள். "அவன் நீங்க எடுத்துக் குடுக்கிறதைத்தான் மாட்டிக்கிட்டு நெருப்புக்குள்ள போறான். அதை மறந்துடாதீங்க."

அவள் தம்பியும் அவரும் ஒரே தீயணைப்பு நிலையம். அவர் மறக்கவெல்லாம் இல்லை. பேருந்தில் போகும்போதும் அதையேதான் நினைத்துக்கொண்டு போனார். ஆனால் நினைப்பதற்கும் வாயைத் திறப்பதற்கும் நடுவே ஒரு மனிதனின் மொத்தப் பிழைப்பும் மானமும் குறுக்கே படுத்திருக்கிறதே, அதைத் தாண்ட வேண்டுமே.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பள நாளன்று தவிர நிலையத்தில் அதை யாரும் உச்சரிப்பதில்லை. சிறிய அலாரங்களும் அவற்றின் சாவிகளும் அவர் பொறுப்பு என்பதால் சாவிக்காரர். புகைக்குள் போகிறவனுக்கு முதுகில் காற்றுச் சிலிண்டர், முகத்தில் மாஸ்க், மார்பு வாரில் கைக்குள் அடங்குகிற ஒரு டப்பா. அந்த டப்பாவுக்கு நிலையத்தில் குருவி என்று பெயர். போட்டிருப்பவன் அசையாமல் கிடந்தால் குருவி முதலில் லேசாகக் கீச்சிடும். அப்போதும் அவன் அசையாவிட்டால் தெருவையே கூட்டுகிற மாதிரி அலறும். விழுந்தவனைப் புகைக்குள் கண்ணால் தேட முடியாது, காதால்தான் தேட வேண்டும். உள்ளே போகுமுன் குருவியிலிருந்து சாவியை உருவி வாசலில் பலகையோடு நிற்பவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். சாவி உருவியதும் குருவி விழித்துக்கொள்ளும். அதே சாவி திரும்ப வந்து சொருகப்பட்டால்தான் அடங்கும். பலகையில் சாவி தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம்.

குருவிக்கு ஒரு கெட்ட குணம். உயிருக்குப் போராடுகிறவனையும், மேலே என்ன உத்தரவு என்று சும்மா காத்து நிற்கிறவனையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆடாமல் நின்றால் கத்தும், அவ்வளவுதான். அதனால் அந்த நிலையத்து ஆட்கள் நின்றால் இடுப்பை லேசாக ஆட்டிக்கொண்டே நிற்பார்கள். சிலிண்டரும் மாஸ்க்குமான அந்தச் செட்டைக் கழற்றி வைத்த பிறகும் பழக்கம் விடாது. மளிகைக் கடை வரிசையில் ஆடுவார்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூட வாசலில் ஆடுவார்கள். இழவு வீட்டில் ஆடிக்கொண்டு நின்று, செத்தவரின் சம்சாரத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டவரும் உண்டு. எங்கே குருவி கத்தினாலும் யாரும் ஓடிப் போய்ப் பார்ப்பதில்லை. "ஆட்டுடா!" என்று இருந்த இடத்திலிருந்தே ஒரு குரல் கொடுப்பார்கள். கத்துகிற இடத்தில் ஒரு இடுப்பு ஆடும், சத்தம் நிற்கும்.

சாவிக்காரர் அந்தக் குரலைக் கூட வெகுநாளாகக் கொடுப்பதில்லை. பம்ப் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே வாலிபத்தைக் கழித்தவர். சைரனின் அடியில் உட்கார்ந்து ஊரெல்லாம் சுற்றியவர். காது ஒரு நாளில் போகவில்லை. மெல்லிய, உயரமான சத்தங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போயின. பேச்சு கேட்கும், கனத்த சத்தம் கேட்கும், கதவு சாத்துவது கேட்கும். குருவி கேட்காது. போன மெடிக்கலில் காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். பரிசோதிக்கிற பெண் பொத்தானை அழுத்துகிற விரல், அவளுக்குப் பின்னால் இருந்த அலமாரிக் கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்தது. விரல் இறங்கும்போதெல்லாம் அவர் கையைத் தூக்கினார். இடையில் ஒருமுறை வேண்டுமென்றே தூக்காமலும் விட்டார், சந்தேகம் வரக் கூடாதே என்று. "இந்த வயசுக்கு நல்ல காது," என்று அவள் பாராட்டினாள். அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியவில்லை அவருக்கு.

செட்டு அறையில் காற்றுச் சிலிண்டர்கள் சுவரோரம் வரிசையாகத் தொங்கின. சாவிக்காரர் உள்ளே போனதும் வழக்கம்போலக் கதவைச் சாத்திக்கொண்டார். காலைச் சோதனையில் ஒவ்வொன்றாக எல்லாக் குருவிகளும் அலறும் என்பதால் மற்றவர்களுக்கு அது நிம்மதி. "அண்ணன் இருக்கிறதால நம்ம காது தப்பிச்சுது," என்பார்கள். சாத்திய கதவுக்குப் பின்னால் அவர் தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தார். சாவியை உருவிவிட்டு டப்பாவை மேசைமேல் அசையாமல் வைப்பார். சுட்டுவிரலை அதன் முதுகில் ஒற்றி வைத்துக் காத்திருப்பார். முதலில் விரலுக்கடியில் விட்டுவிட்டு ஒரு துடிப்பு வரும், அது கீச்சு. பிறகு விளக்கு பளீர் பளீரென்று அடிக்க, டப்பா முழுவதும் நடுங்கும், அது அலறல். எடுத்துக் கன்னத்து எலும்பில் ஒருமுறை வைத்து உறுதி செய்துகொண்டு, சாவியைச் சொருகி அடக்கிவிடுவார். பேட்டரி, வாரின் கொக்கி, உறையில் கீறல், எல்லாவற்றையும் பார்ப்பார். காது ஒன்றைத் தவிர மற்றதிலெல்லாம் அவரைக் குறை சொல்ல முடியாது.

மச்சினனின் குருவியைக் கண்ணை மூடிக்கொண்டே எடுத்துவிடலாம். மகள் அதில் ஒரு ஊதாப் பூ ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள், அதன் ஜோடியைச் சாவியிலும் ஒட்டியிருந்தாள். தண்ணீர் பட்டு உரிந்துவிடக் கூடாது என்று அந்தப் பூவின்மேல் மாமன் அக்கறையாகக் கண்ணாடி டேப் ஒட்டி வைத்திருந்தான். அன்று காலை அதை விரலால் சோதித்தபோது, பக்கவாட்டில் டேப்பின் விளிம்பு நெருடியது. பூவுக்குப் போட்ட டேப் நீண்டுவிட்டது போல என்று அவர் நினைத்தார். காய்ச்சலில் கிடக்கும் மகளின் ஞாபகம் வந்தது. விரலுக்கடியில் துடிப்பு வந்தது, நடுக்கம் வந்தது, விளக்கு அடித்தது. நடுக்கம் என்றைக்கும் இருக்கிற மாதிரியேதான் இருந்தது. சாவியைச் சொருகி மாட்டினார்.

கதவைத் திறந்தபோது மச்சினனே எதிரில் நின்றான். கையில் இரண்டு டீ. முப்பதைத் தாண்டியும் முகத்திலிருந்து குறும்பு இறங்காத ஆள்.

"பாப்பாவுக்கு எப்படி இருக்கு அத்தான்?"

"எறங்கியிருக்கு. நீ சாயங்காலம் வந்து பாரு. உன்னைத்தான் கேக்கறா."

"வரேன், வரேன். நேத்து நீங்க சீக்கிரம் போயிட்டீங்க, நல்ல கூத்தைத் தவற விட்டுட்டீங்க." அவன் சிலிண்டர்களைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். அவன் முகம் மறைந்ததும் பேச்சில் பாதி உதிர்ந்து போயிற்று. நேற்று மீட்புப் பயிற்சியில் அவன்தான் பிணமாக நடித்தான் என்பதும், கூட வேலை பார்க்கும் நெட்டையன் அவனை இழுக்க முடியாமல் இழுத்ததும், அவன் தரையில் கிடந்து தூங்கியே போனதும் மட்டும் அவருக்கு எட்டியது. அவன் சிரித்தான், அவரும் சிரித்தார். இந்தத் தொழிலில் இருக்கிறவர் எவரும் அந்த இடத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. மார்பில் குருவியோடு ஒருத்தன் எப்படி அசையாமல் கிடந்து தூங்க முடியும்? அவருக்கு அது தோன்றவில்லை. காது போனவனுக்குச் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துவிடுவதே பெரும்பாடு, கேள்விக்கு எங்கே போவது.

"அத்தான், அக்கா ஏதோ பேசணும்னு சொன்னா. என்ன விஷயம்?" திரும்பி நின்று கேட்டான்.

அவர் டீயை ஒரு மிடறு குடித்தார். "ஒண்ணுமில்ல. பாப்பா விஷயமா இருக்கும்," என்றார்.

மதியம் மணி அடித்தது. அந்த மணி கனத்தது, அவருக்கும் கேட்கும். பழைய காகிதத்தையும் அட்டைப் பெட்டிகளையும் அமுக்கிக் கட்டி அடுக்கி வைக்கிற கிடங்கு. லாரி போய் நிற்கும்போது கூரை விளிம்பெல்லாம் புகை வழிந்துகொண்டிருந்தது. தெருவில் கூட்டம். கிடங்கு மேஸ்திரி ஓடி வந்து அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டான். சுமை தூக்குகிற ஆள் ஒருவன் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கட்டுகளுக்குப் பின்னால் தூங்குவானாம், அவனைக் காணோமாம். அதிகாரி நெட்டையனையும் மச்சினனையும் பார்த்தார். இருவரும் அதற்குள் மாஸ்க்கைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

வாசலில் பலகையோடு நின்றவர் சாவிக்காரர். நெட்டையன் சாவியை உருவிக் கொடுத்தான். அடுத்து மச்சினன். ஊதாப் பூ ஒட்டிய சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து, மாஸ்க்குக்குள்ளிருந்து கண்ணை ஒருமுறை சிமிட்டிவிட்டு, குழாயைப் பிடித்துக்கொண்டு நெட்டையனுக்குப் பின்னால் குனிந்து போனான். கொஞ்ச தூரம் அவன் முதுகுச் சிலிண்டரின் மஞ்சள் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. அவர் சாவிகளைப் பலகையில் தொங்கவிட்டு, காற்றின் அளவை எழுதினார். அடுத்து உள்ளே போகத் தயாராக நான்கு பேர் செட்டு மாட்டி, சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாக நின்று இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் ஒரு பையன் அதைப் பார்த்துச் சிரித்தான்.

டிரைவர் பம்பின் வேகத்தைச் சரி செய்துவிட்டுத் தண்ணீர்ப் பாட்டிலோடு அவர் பக்கம் வந்தார். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எஞ்சினின் உறுமலுக்கு மேலே கேட்கட்டும் என்று முகத்துக்கு நேராக வந்து கத்திப் பேசுவது டிரைவரின் வழக்கம். அதனால் அவர் பேசுவது மட்டும் சாவிக்காரருக்கு முழுசாக விளங்கும்.

"உங்க மச்சினன் நேத்துப் பொணமாக் கெடந்தான் பாருங்க, நடிப்புன்னா அதான் நடிப்பு! குருவி கத்திக்கிட்டே இருந்தா எப்படிப் படுக்கறதுன்னு அதோட வாயில பஞ்சை அடைச்சு மேல டேப்பை ஒட்டிட்டான். ரெண்டு மூணு சுத்து. அப்புறம் பாத்தா குறட்டை விடறான்." டிரைவர் தண்ணீர் குடித்தார். பாட்டில் பாதி வழியில் நின்றது. "அதை எடுத்துட்டானா?"

சாவிக்காரர் பலகையில் தொங்கிய ஊதாப் பூச் சாவியைப் பார்த்தார்.

"எடுத்திருப்பான். இல்லேன்னாலும் என்ன, காலையில டெஸ்ட்ல கம்முனு இருந்தா நீங்க விட்டுருவீங்களா," என்று டிரைவர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு பாட்டிலை மூடினார்.

விரலில் நெருடிய அந்த விளிம்பு சாவிக்காரருக்கு மறுபடி நெருடியது. அவன் எடுக்க மறந்திருக்கிறான். மறந்தால் என்ன, அத்தான் காலையில் கேட்டுப் பார்த்து எடுத்துவிடுவார் என்கிற தைரியம் உள்ளே எங்கோ இருந்திருக்கும். அந்தத் தைரியத்தில்தான் அவன் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போயிருக்கிறான். பஞ்சு அடைத்தாலும் குருவி நடுங்கும், விளக்கும் அடிக்கும். காது உள்ள சின்னப் பிள்ளை கூடக் கண்டுபிடித்துவிடக்கூடிய கோளாறு அது. அவர் அதை நல்லதென்று கையில் எடுத்து மாட்டி வைத்தார்.

அவர் அதிகாரியிடம் போனார். போகிற அந்த நாலடிக்குள் மூளை ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்தது. பலகை அவர் கையில் இருக்கிறது. காற்றுக் கணக்கு அவர் சொல்வதுதான். வெளியே வரட்டும், வந்ததும் டேப்பைக் கிழித்து எறிந்துவிடலாம். யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம்.

"சார், முதல் ஜோடிக்குக் காத்து போதாதுன்னு தோணுது. வெளிய கூப்பிட்டுடலாம்."

அதிகாரி பலகையை எட்டிப் பார்த்தார். "இப்பதானே போனாங்க? நெறைய இருக்கே. உள்ள ஒரு ஆளு கெடக்கறான்யா, சும்மா எப்படித் திரும்பக் கூப்பிடறது?" முகத்தை மறுபடி புகைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சாவிக்காரர் அங்கேயே நின்றார். எத்தனையோ பேர் நெருப்புக்குள் நுழைவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். அதற்கெல்லாம் தேவைப்பட்ட தைரியம் இதற்குப் போதவில்லை. மனைவி உதட்டை அசைத்து அசைத்துச் சொன்னது கண்முன் வந்தது. அதிகாரியின் தோளைத் தொட்டு, தன் பக்கம் திருப்பினார்.

"சார், மச்சினனோட குருவி கத்தாது. பஞ்சு அடைச்சு டேப் ஒட்டியிருக்கு. நேத்து டிரில்ல ஒட்டினது."

"யாரு சொன்னா? காலையில நீங்கதானே டெஸ்ட் பண்ணீங்க?"

"ஆமா சார்."

"அப்ப சத்தம் வரலேன்னு தெரியாதா உங்களுக்கு?"

"எனக்குக் கேக்காது சார்." சொல்லிவிட்டார். சொன்ன பிறகு மீதி தானாக வந்தது. "குருவி சத்தம் எனக்குக் கேக்கறதே இல்ல. ரொம்ப நாளாவே. கையால தொட்டுத்தான் பாக்கறேன்."

அதிகாரி அவரைப் பார்த்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை. ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவர் பார்வையில் கோபம் வரவே நேரம் இல்லை. ஒரு பழுதான சாமானைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு ரேடியோவை வாயருகே தூக்கினார். பின்னால் நின்ற டிரைவரும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். கையிலிருந்த பாட்டில் நசுங்கியிருந்தது.

ரேடியோவில் வந்த பதில் சாவிக்காரருக்கு வெறும் கரகரப்பாகத்தான் விழுந்தது. அவர் டிரைவரின் முகத்தைப் பார்த்தார். டிரைவர், என்ன இருந்தாலும் பழைய சிநேகிதம், அவருக்கு நேராகத் திரும்பி நின்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"நெட்டையன் பேசறான். பின்னாடிதான் குழாயைப் புடிச்சுக்கிட்டு வந்தானாம். இப்பக் காணோமாம்." அடுத்த பேச்சுக்குக் காத்திருந்தார். "நடுவுல கட்டு சரிஞ்சிடுச்சாம். கூப்பிட்டாப் பதில் இல்லையாம்."

"குருவி?"

"ஒண்ணும் கேக்கலையாம்," என்றார் டிரைவர்.

சாவிக்காரர் பலகையிலிருந்து ஊதாப் பூச் சாவியை எடுத்து உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டார். சாவி இங்கே இருக்கிறது. அப்படியானால் உள்ளே எங்கோ அது கத்திக்கொண்டுதான் இருக்கும். பஞ்சுக்குள், டேப்புக்குள், சரிந்த காகிதக் கட்டுகளுக்கு அடியில், அடங்கத் தெரியாமல் கத்திக்கொண்டிருக்கும். கிடங்கின் தகரச் சுவருக்கு ஓடிப் போய் இன்னொரு உள்ளங்கையை அதில் வைத்தார். சூடு. வைத்த கையை எடுக்காமல் நின்றார். தினமும் காலையில் விரலுக்கடியில் வருகிற அந்தத் துடிப்பு அவருக்கு அத்துப்படி, ஆயிரத்தில் இருந்தாலும் அடையாளம் சொல்லிவிடுவார். ஆனால் தகரம் முழுவதும் பம்பின் அதிர்வுதான் இருந்தது. பெரிய நடுக்கத்துக்குள் சின்ன நடுக்கம் ஏதாவது உண்டா என்று கண்ணை மூடித் தேடினார். கை பொரிந்தது. ஒன்றும் இல்லை.

"பின்னாடி வாங்க!" யாரோ அவரை இழுத்தார்கள்.

அதிகாரி நான்கு பேரையும் வாசலுக்கு முன்னால் பரப்பி நிறுத்தினார். உள்ளே இரண்டு வழி பிரிகிறது, எந்தப் பக்கம் நுழைவதென்று தெரியாமல் அனுப்பினால் இன்னும் இரண்டு பேரைத் தேட வேண்டியிருக்கும். நெட்டையன் கையிலுள்ள குழாய்க்குத் தண்ணீர் போய்க்கொண்டிருக்க வேண்டும் என்பதால் எஞ்சினை அணைக்க முடியாது. டிரைவர் உறுமலை மட்டும் முடிந்தவரை இறக்கினார். கூட்டத்தைப் பார்த்து அதிகாரி உதட்டின்மேல் விரலை வைத்தார். கைக்குழந்தை வைத்திருந்த ஒருத்தி அதன் வாயை முந்தானையால் பொத்தினாள்.

"நல்லாக் காதைக் குடுத்துக் கேளுங்க," என்று அதிகாரி சொல்வதைச் சாவிக்காரர் அவர் வாயிலிருந்து வாசித்தார். "லேசாத்தான் வரும். ஆடிக்கிட்டே நில்லுங்கடா, உங்களது கத்திடப் போகுது."

மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கதவைப் பார்த்தபடி, நான்கு பேரும் இடுப்பை மெல்ல ஆட்டிக்கொண்டு நின்றார்கள். கூட்டத்தில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. காலையில் அவன் கொண்டுவந்த டீயின் ருசி சாவிக்காரரின் வாயில் இன்னும் இருந்தது. அவனிடம் ஒன்றுமில்லை என்று சொன்ன வாய். கேட்கிற வேலை எல்லோருக்கும் இருந்தது, அவருக்கு மட்டும் இல்லை. அவர் புகையைப் பார்க்கவில்லை. அவர்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். ஒரு முகத்தில் வியர்வை வழிந்தது. ஒன்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தது. ஒன்று கண்ணை மூடியிருந்தது. அந்த முகங்களில் எதிலாவது சத்தம் வந்து விழுமா என்று அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

வரிசையின் கடைசியில் நின்றவன் ஆடுவதை நிறுத்தினான். தலையைச் சாய்த்தான். அவன் கை மெல்ல மேலே எழுந்தது. அது எந்தப் பக்கம் நீளும் என்று பார்த்தபடி, மார்பில் எந்த டப்பாவும் இல்லாத சாவிக்காரர், சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இடுப்பை ஆட்டிக்கொண்டே நின்றார்.